அணியத்தில் பலகை ஏறிக்கொள்வது ஏன்: மாதிரிக் கப்பல் கட்டுபவருக்கு ஒரு பதில்

பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பலான ஹெச்.எம்.எஸ். விக்டரியின் 1:72 அளவு கிட் (துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் பெட்டி) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ப்ளைவுட் எலும்புக்கூட்டை ஒட்டி முடித்து முதல் அடுக்குப் பலகையைத் தொடங்கிய இடத்தில் வேலை நின்றுவிட்டது. கப்பலின் முன்பக்கமான அணியத்தை நெருங்கினால் மரக்கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, ஒரு பக்க விளிம்பு தூக்கிக்கொள்கிறது. பின்பக்கமான அமரத்தில் அதற்கு நேர்மாறாக இடைவெளி விழுகிறது. தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தும் பயனில்லை. படமும் ஒன்று போட்டிருக்கிறீர்கள். "மரம் மட்டமா, எனக்குக் கை வரவில்லையா, இதைத் தூக்கி வைத்துவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், தொடர்ந்து செய்தால் இது தேறுமா என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. தேறும். காரணம் புரிந்தால் வழியும் தெரிந்துவிடும் என்பதால் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன். மரத்தில் கப்பல் உடல் கட்டுவதில் எனக்குப் பல வருடப் பழக்கம் உண்டு. பாய் தைப்பதில் அந்த அளவுக்குக் கிடையாது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

உங்களிடம் உள்ள கீற்று முனைக்கு முனை ஒரே அகலம். கப்பலின் உடல் அப்படி இல்லை. ஒரு பீப்பாயைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பலகையும் நடுவில் அகலமாகவும் இரு முனையிலும் ஒடுங்கியும் இருக்கும். கப்பலின் அணியமும் அதே கணக்குதான். நடுவில் மேல்தள விளிம்பிலிருந்து அடியில் உள்ள ஏராக்கட்டை வரை சுற்றளவு அதிகம். அணியத்தில் அதே தூரம் மிகவும் குறைவு. நடுவில் இருபத்துநான்கு பலகை நிரப்பும் இடத்தை அணியத்தில் பதினைந்தே நிரப்பிவிடும். மீதி ஒன்பதும் எங்கே போகும்? ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். இது மரத்தின் குறையும் இல்லை, கையின் குறையும் இல்லை. கிட்டோடு வரும் குறிப்புப் புத்தகங்கள் பலவும் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. புதிதாக வருபவர்கள் பாதியில் விடுவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் எனக்கு அதில் எப்போதுமே வருத்தம் உண்டு.

இரண்டாவது காரணமும் இருக்கிறது. மெல்லிய கீற்று தடிமன் வாக்கில் நன்றாக வளையும், முறுக்கினால் திருகும். அகலவாக்கில், அதாவது மேசைமேல் படுக்க வைத்த நிலையிலேயே இடமாகவோ வலமாகவோ வளைக்கப் போனால் மட்டும் மறுக்கும். அப்படிக் கட்டாயப்படுத்தும்போது உள்வளைவுப் பக்கத்து விளிம்புக்கு அமுங்க இடம் கிடைக்காது, அது வெளியே தூக்கிக்கொள்ளும். உங்கள் படத்தில் விளிம்பு எழுந்து நிற்பது இதனால்தான். எவ்வளவு குண்டூசி அடித்தாலும் அது படியாது. படிந்தாலும் பசை காய்ந்து ஊசியை எடுத்த பிறகு பிரியும். நீங்கள் எடுத்துக்கொண்ட கப்பலும் இதைக் கடினமாக்குகிறது. விக்டரி 1765இல் நீரில் இறங்கியது. அந்தக் காலப் போர்க்கப்பல்களின் அணியம் உருண்டு பருத்திருக்கும். பலகை கிட்டத்தட்ட செங்கோணத்தில் திரும்ப வேண்டியிருக்கும். 1869இல் கட்டிய கட்டி சார்க் போன்ற கிளிப்பர் எனப்படும் வேகமான வணிகப் பாய்க்கப்பல்களின் அணியம் கத்திபோல் ஒடுங்கியது, அங்கே கீற்றுகள் இவ்வளவு முரண்டு பிடிக்காது.

இனி வழி. பலகையைத் தொடுவதற்கு முன் எலும்புக்கூட்டைச் சரிபார்க்க வேண்டும். குறுக்குச் சட்டங்களின் விளிம்பு வெட்டியபடியே சதுரமாக இருந்தால் பலகை அதன் ஒரு முனையில் மட்டும்தான் தொடும். நடுக்கப்பலில் அது பெரிய விஷயமில்லை. அணியத்திலும் அமரத்திலும் விளிம்பை நன்றாகச் சாய்த்து இழைத்தாக வேண்டும். ஒரு நீண்ட கீற்றை எடுத்து நாலைந்து சட்டங்களின் மேல் கையால் மட்டும் படுக்க வையுங்கள். எல்லாச் சட்டங்களையும் விளிம்பின் முழு அகலத்துக்கும் அது தொட வேண்டும். எங்காவது துள்ளி நின்றால் அந்த இடம் மேடு. தாவிப் போனால் பள்ளம். மேட்டை உப்புத்தாளால் இழைக்கலாம், பள்ளத்தில் மெல்லிய மரச்சீவலை ஒட்டி உயர்த்தலாம். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள். இரண்டு மூன்று சட்டங்களை ஒரே நேரத்தில் தொடும் நீளமுள்ள ஒரு பட்டைக்கட்டையில் ஒட்டித் தேய்த்தால்தான் வளைவு ஒரே ஓட்டமாக வரும். முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே வெற்றிடமாக விடாமல் பால்சா அல்லது லைம் மரக்கட்டையை நிரப்பி, அணியத்தின் வடிவத்துக்குச் செதுக்கிவிடுங்கள். பல கிட்டுகளில் இது சொல்லப்பட்டிருக்காது. பலகை திரும்பும் இடத்தில் முழுக்க உட்கார மரம் கிடைப்பதால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். இந்த எலும்புக்கூட்டு வேலைக்கு நான் செலவழிக்கும் நேரம் முதல் அடுக்கு ஒட்டும் நேரத்தை விடக் குறைந்ததில்லை. அது வீண் என்று ஒருமுறையும் தோன்றியதில்லை.

ஏராக்கட்டையிலும், அதன் முன்முனையிலிருந்து மேலெழும் அணியத் தண்டிலும் பலகையின் முனை உட்கார ஒரு காடி, அதாவது பள்ள வெட்டு வேண்டும். கிட்டில் எலும்புக்கூட்டின் முதுகெலும்பாக உள்ள நடுப்பலகை பல சமயம் காடி இல்லாமல் மொட்டையாகவே வரும். அடிவிளிம்பிலும் முன்விளிம்பிலும் பலகையின் தடிமனுக்கு ஏற்ப அதை இருபுறமும் மெலிதாக்கினால் போதும். இல்லாவிட்டால் இரண்டு அடுக்கும் சேர்ந்து ஏராக்கட்டையை விடத் தடித்து நிற்கும்; அதைப் பின்னால் திருத்தவே முடியாது.

இப்போது அளவெடுப்பு. நீளமான காகிதத் துண்டு ஒன்றை நடுச்சட்டத்தின் விளிம்பில் ஒட்டினாற்போல் வைத்து, இனி பலகை போட வேண்டிய இடத்தின் மேல்முனையிலிருந்து ஏராக்கட்டை வரை குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக அது 120 மி.மீ. என்றால், 5 மி.மீ. கீற்றுக்கு 24 பலகை. அதே 24 பலகைதான் அணியத்திலும் முடிய வேண்டும். அங்கே தூரம் 72 மி.மீ. என்றால் ஒவ்வொரு பலகையும் முனையில் 3 மி.மீ. அகலத்துக்கு ஒடுங்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்திலும் இப்படி அளந்து 24ஆல் வகுத்தால், ஒவ்வொரு பலகையும் எந்தச் சட்டத்தின்மேல் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த அகலத்தைப் பென்சிலால் கீற்றில் குறித்து, புள்ளிகளை இணைத்து, சிறிய இழைப்புளியால் ஒரு விளிம்பை மட்டும் சீவினால் போதும்.

ஒடுக்குவதற்கு ஒரு எல்லை உண்டு. பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது மாதிரி கட்டுபவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அதற்குக் கீழே போனால் முனை ஊசியாகிப் பசை பிடிக்காது, பார்க்கவும் நன்றாயிராது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அணியத்தின் தூரம் 54 மி.மீ. மட்டுமே என்றால் கணக்கு 2.25 மி.மீ. ஆகிவிடும். அப்போது எல்லாப் பலகைகளையும் அணியத் தண்டுவரை கொண்டுபோகாமல், சில இடங்களில் இரண்டு பலகைகளைச் சற்று முன்னதாகவே நிறுத்தி, அவற்றுக்கு முன்னால் ஒரே பலகையைத் தொடர விடலாம். நிஜக் கப்பல் தச்சர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். அமரத்தில் நிலைமை தலைகீழ். அங்கே தூரம் 132 மி.மீ. என்றால் பலகை 5.5 மி.மீ. ஆக விரிய வேண்டும், கீற்று விரியாது. ஆகவே பலகைகள் தாமாக விரிந்து விலகும் இடத்தில் ஆப்பு வடிவத் துண்டுகளை நுழைத்து அந்த 12 மி.மீ.யை நிரப்ப வேண்டும். அமரத்தில் உங்களுக்கு இடைவெளி விழுவது தப்பு நடந்ததற்கு அடையாளம் இல்லை. அந்த ஆப்புத் துண்டுக்கான இடம் அது. கீற்றை இழுத்துப் பிடித்து அந்த இடைவெளியை மூடப் பார்த்தால் அந்த வளைவு முன்னே போய் அணியத்தில் தொல்லை கொடுக்கும்.

இந்தக் கணக்கை எண்களாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் உடல்மேலே வரைந்து பார்ப்பது நல்லது. பலகை போட வேண்டிய பரப்பை ஆறாறு பலகை கொண்ட நான்கு பிரிவுகளாகப் பிரித்து, எல்லைகளில் கறுப்பு நூலையோ மெல்லிய ஒட்டுநாடாவையோ அணியத்திலிருந்து அமரம் வரை ஓட விடுங்கள். பிறகு தள்ளி நின்று, கண்ணைக் கப்பல் உயரத்துக்குத் தாழ்த்தி, முன்னிருந்தும் பின்னிருந்தும் பாருங்கள். கோடு எங்காவது தொய்ந்தாலோ திடீரென மேலேறினாலோ எண் சரியாக இருந்தாலும் கோட்டை நகர்த்துங்கள். இந்த இடத்தில் கண்ணைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

ஏராக்கட்டையை ஒட்டிய முதல் பலகையில் தனிக் கவனம் வேண்டும். அது அணியத்தில் தண்டோடு சேர்ந்து மேலேறிப் போகும்படி விட்டுவிடுவது எங்கும் காணப்படும் பிழை. கீழிருந்து அது ஏறினால் மேலே உள்ள எல்லாப் பலகைகளுக்கும் இடம் இன்னும் சுருங்கும். ஏராக்கட்டை மேல்நோக்கி வளையத் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே அதன் முனையை நிறுத்திவிடுங்கள். அமரத்தில் அதன் விளிம்பு கூடியவரை நேராகவே ஓடட்டும். இன்னொன்று: இடப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் நடுப்பலகை திருகிக்கொள்ளும். திருகிய கப்பலை நிமிர்த்த வழியில்லை.

ஊறவைத்தும் பயனில்லை என்றிருந்தீர்கள். இதில் எது உறுதி, எது கருத்துவேறுபாடு என்று பிரித்துச் சொல்கிறேன். மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் சூட்டிலும் ஈரத்திலும் இளகும், ஆறும்போது புதிய வடிவத்தில் இறுகும், இது உறுதி. ஈரமான மரம் அகலத்தில் ஊதும், காய்ந்ததும் சுருங்கும், இதுவும் உறுதி. அதனால் ஈரக் கீற்றை அப்படியே ஒட்டினால் காய்ந்தபின் பலகைகளுக்கு நடுவே கோடு கோடாகப் பிளவு தெரியும். எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு கணக்கு. என் அனுபவத்தில் 1.5 மி.மீ. லைம் அல்லது பாஸ்வுட் கீற்றுக்குச் சில நிமிட நனைப்பே போதும். வேலை செய்வது பெரும்பாலும் சூடுதான். நனைத்த கீற்றை அச்சில் வளைத்துப் பிடித்து, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, முழுதும் ஆறிக் காய்ந்தபின் எடுத்து ஒட்டுங்கள். அகலவாக்கு வளைவுக்கும் இதே சூடு கொஞ்சம் உதவும்: கீற்றைப் பலகைமேல் தட்டையாக வைத்து, விளிம்பு எழாதபடி மேலே ஒரு கட்டையால் அமுக்கி, தேவைக்குச் சற்று அதிகமாகவே வளைத்துக் கவ்வியால் பிடித்துச் சூடு காட்ட வேண்டும். விட்டதும் கொஞ்சம் திரும்பும் என்பதால்தான் அந்தக் கூடுதல் வளைவு. மெல்லிய வளைவுகளுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. கடுமையான வளைவுக்குச் செய்யாது. அங்கே அகலமான தகட்டுமரத்திலிருந்து வளைந்த பலகையையே வெட்டியெடுக்க வேண்டும். இடைவெளிமேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டி, விளிம்புகளைப் பென்சிலால் நகலெடுத்து, நாடாவைத் தகட்டில் ஒட்டி வெட்டுவது எளிய முறை. முழு அளவுக் கப்பல்களிலும் தடித்த பலகையை ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நீராவியில் வைத்து வளைப்பார்கள். ஆனாலும் அது தடிமன் வாக்கு வளைவுக்குத்தான். அகலவாக்கு வடிவத்தை வெட்டித்தான் எடுப்பார்கள்.

மரம் மட்டமா என்ற சந்தேகத்துக்குக் கிட்டிலிருந்தே பதில் காணலாம். கீற்றின் பக்கவாட்டில் நார் ஓடும் திசையைப் பாருங்கள். நார் முனைவரை நேராக ஓடாமல் பாதியில் விளிம்பைத் தாண்டி வெளியேறினால் அந்தக் கீற்று வளைவில் முறியும். அப்படிப்பட்டவற்றை ஒதுக்கி நடுக்கப்பலின் நேரான பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிட்டில் இரண்டாம் அடுக்குக்கு வால்நட் கொடுத்திருப்பார்கள். நிறம் அழகு, ஆனால் அதன் நுண்துளைகள் பெரியவை. 0.2 மி.மீ. துளைகூட 1:72 அளவில் நிஜக் கப்பலின் 14 மி.மீ. பிளவுக்குச் சமம். வண்ணம் பூசாமல் மரமாகவே காட்டப்போகிறீர்கள் என்றால் பேரிக்காய் மரமோ பாக்ஸ்வுட்டோ தனியாக வாங்குவதைப் பிற்பாடு யோசிக்கலாம். விக்டரிக்கு எப்படியும் வண்ணம் பூசுவீர்கள், அடிப்பகுதியில் செம்புத்தகடும் வரும், ஆகவே இதற்கு அவசியமில்லை. வண்ணம் என்றதும் ஒன்று: இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் நிஜ விக்டரியைப் பழைய வண்ணப்பூச்சுகளை ஆராய்ந்து 2015இல் மறுபடி பூசினார்கள். வெகுகாலம் எல்லோரும் பார்த்துப் பழகிய அடர் மஞ்சள் போய் வெளிறிய நிறம் வந்தது. உங்கள் கிட் பெட்டியின் படம் பழைய மஞ்சளாக இருந்தால் அதையே வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்.

ஏற்கெனவே ஒட்டியவற்றை என்ன செய்வது? வெள்ளை மரப்பசை என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிச் சற்று நேரம் விட்டால் இளகும். மெல்லிய கத்தியை நுழைத்துப் பிரிக்கலாம். சூப்பர் க்ளூ என்றால் அசிட்டோன் தேவை. காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. மேல்தள விளிம்பை ஒட்டிய முதல் இரண்டு மூன்று பலகைகள் ஏற்றமில்லாமல் படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அணியத்தில் ஏறத் தொடங்கிய இடத்திலிருந்து கீழே உள்ளவற்றை மட்டும் எடுத்தால் போதும். உங்கள் கிட் இரட்டை அடுக்கு. முதல் அடுக்கு முழுவதும் மறைந்துவிடும். அதில் சின்னப் பள்ளங்களை வுட் ஃபில்லர் பசையால் நிரப்பித் தேய்த்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேடு பள்ளமில்லாத வடிவம் மட்டும்தான் முதல் அடுக்கிடம் கேட்க வேண்டியது. பலகைகளின் ஓட்டம் அழகாகத் தெரிய வேண்டியது இரண்டாம் அடுக்கில்தான். அதற்கு முன் உங்களுக்கு ஒரு முழு ஒத்திகை கிடைத்துவிடுகிறது. தேய்க்கும்போது தூசிக்கான முகக்கவசம் கட்டாயம். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் வகைப்படுத்தியிருக்கிறது.

பசையைப் பொறுத்தவரை பலகைக்கு வெள்ளை மரப்பசையே என் தேர்வு. நகர்த்திச் சரிசெய்ய நேரம் கொடுக்கும், தவறினால் பிரிக்கவும் முடியும். சூப்பர் க்ளூ பல பத்தாண்டு நிற்குமா என்பதில் கட்டுபவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அணியத்தின் முனையில் ஒரு பொட்டு வைத்துப் பிடிப்புக்காக மட்டும் பயன்படுத்துகிறேன். கருவி அதிகம் வேண்டாம்: கூர்மையான கத்தியும் நிறைய மாற்று அலகுகளும், சிறிய இழைப்புளி, எஃகு அளவுகோல், இரண்டு மூன்று அரம், கவ்விகள். முடி உலர்த்தும் கருவியைத் தவிர மின்கருவி எதுவும் இந்தக் கட்டத்தில் தேவைப்படாது.

கடைசியாக, சின்னது வாங்கலாமா என்பது. என் பதில் ஆம், ஆனால் இதைக் கைவிட்டுவிட்டு அல்ல. விக்டரியில் எந்தத் தனி வேலையும் உங்களால் முடியாதது இல்லை. அதன் கடினம் எண்ணிக்கையில் இருக்கிறது. டிரஃபால்கர் கடற்போரில் அது 104 பீரங்கிகள் சுமந்தது. பீரங்கித் தளத்தின் நீளமே 186 அடி, உங்கள் அளவில் கிட்டத்தட்ட 79 செ.மீ. பாய்மரங்களைத் தாங்கும் பக்கக் கயிறுகளில் ஏணிப்படிபோல் கட்டும் குறுக்குக் கயிறுகள் நிஜத்தில் ஓரடிக்குச் சற்று அதிக இடைவெளியில் இருக்கும். 1:72இல் அது சுமார் 5 மி.மீ. மூன்று பாய்மரத்துக்கும் இருபுறமும் அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். இப்படியொரு கப்பலுக்கு ஆயிரம் மணி நேரம் தாண்டுவது சாதாரணம். ஓய்வு நேரத்தில் செய்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். அதைத் தாங்கும் மனம் ஏதாவது ஒன்றை முழுதாக முடித்த பிறகே வருகிறது. ஆகவே விக்டரியின் முதல் அடுக்கை மேலே சொன்னபடி சரிசெய்து முடியுங்கள், உடலைத் தூசிபடாமல் மூடி வையுங்கள். பிறகு ஒற்றைப் பாய்மரக் கட்டர் ஒன்றையோ, பெரிய கப்பலின் துணைப்படகான லாங்போட் ஒன்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். அமாத்தி நிறுவனத்தின் லேடி நெல்சன் கட்டர் இதற்குப் பலரும் பரிந்துரைக்கும் கிட். சின்ன உடலிலும் அதே ஒடுக்கம், அதே காடி, அதே ஆப்புத் துண்டுகள் வரும். பருமல் (பாய் கட்டும் குறுக்குக் கம்பம்), கப்பி, கயிறு எல்லாம் ஒரே பாய்மரத்தில் கற்றுக்கொள்ளலாம். அங்கிருந்து திரும்பி வந்து விக்டரியின் இரண்டாம் அடுக்கைத் தொடங்கினால் கை வேறுமாதிரி இருக்கும்.

உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். நடுச்சட்டம், முதல் சட்டம், கடைசிச் சட்டம் ஆகிய மூன்றிலும் இன்னும் மூடாத தூரத்தைக் காகிதத் துண்டால் அளந்து, கீற்றின் அகலத்தோடு சேர்த்து இங்கே எழுதுங்கள். அணியத்தை நேர் முன்னிருந்தும், அடியிலிருந்து ஏராக்கட்டை தெரியும்படியும் இரண்டு படம் எடுத்துப் போடுங்கள். நீங்கள் போட்ட ஒற்றைப் படத்தில் சட்டங்களின் சாய்வு தெரியவில்லை. விளிம்பு தூக்குவதில் எவ்வளவு சாய்வு போதாததால், எவ்வளவு கீற்று ஒடுங்காததால் என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அளவுகள் வந்தால் எத்தனை பலகை, எங்கே எவ்வளவு ஒடுக்கம், எந்த இடத்தில் இரண்டை ஒன்றாக்குவது என்று வரிசையாகக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.